அந்த நீண்ட மூக்கு வெறும் வேஷமா?

நீங்கள் கேட்டது இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். சிங்கப்பூரின் செந்தோசா கோவ் மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்) ஒரு பாய்மரப் படகைப் பார்த்திருக்கிறீர்கள். தாழ்ந்த உடம்பு, முன்னும் பின்னும் தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்கும் முனைகள், பளபளவென்று வார்னிஷ் பூசிய மரம். 1930-களில் கட்டியதாக இருக்கும் என்று நினைத்து விசாரித்தால், கட்டிச் சில வருடம்தான் ஆகிறது, மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்) கார்பன் ஃபைபர், அடியில் இருப்பது பந்தயப் படகின் கீல் (படகை நிமிர்த்தி வைக்கும் கனமான அடிப்பகுதி) என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே உங்களுக்கு டன்லப் ஸ்திரீட் கடைவீடுகள் ஞாபகம் வந்துவிட்டது: முகப்பு மட்டும் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. 'இதுவும் அப்படித்தானா, அழகு என்று நான் நினைத்தது வேஷமா?' என்பது முதல் கேள்வி. பக்கத்தில் நின்ற மற்ற புதுப் படகுகள் ஏன் அப்படி இல்லை என்பது இரண்டாவது. இப்படி ஒன்றை இந்த ஊர் வெயிலில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பது மூன்றாவது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் கட்டுமானம் படித்தவன். கொஞ்ச காலம் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, அப்புறம் பல வருடமாக இங்கே படகு சர்வேயர். ஒருவர் படகு வாங்குவதற்கு முன்னால் அதை மேலும் கீழும் தட்டிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். படகு வரைந்து பேர் வாங்கியவன் அல்ல. அதனால் எது வலுவாக இருக்கிறது, எங்கே தண்ணீர் இறங்குகிறது என்பதில் அடித்துச் சொல்வேன். எது அழகு என்பதில் என் கண் சொல்வதை மட்டும்தான் சொல்ல முடியும். உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், வேஷம் இல்லை என்பதுதான். வேஷம் போடுகிறவருக்குப் பெரிதாக நஷ்டம் ஏதும் இல்லை. இந்தப் படகை வரைந்தவரும் வாங்கியவரும் நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடும்.

நீண்ட மூக்கிலிருந்து தொடங்கலாம். தண்ணீரைத் தொடாமல் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் பகுதியை ஓவர்ஹேங் என்போம். அது இவ்வளவு நீளமானதற்குக் காரணம் அழகு அல்ல, பந்தய விதிகள். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்பி, அந்த அலையின் பள்ளத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். கனமான படகு அதிலிருந்து ஏறித் தாண்டி ஓட முடியாது. அந்த வேக வரம்பு தண்ணீரைத் தொடும் நீளத்தைப் பொறுத்தது. நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) உத்தேச வரம்பு கிடைத்துவிடும். 25 அடி என்றால் 6.7 நாட், 30 அடி என்றால் 7.3 நாட். பழைய பந்தய விதிகள் இந்த நீளத்தைப் படகு அசையாமல் நிமிர்ந்து நிற்கும்போது அளந்தன. வரைகிறவர்கள் சும்மா இருப்பார்களா? நிற்கும்போது 25 அடி; காற்றில் சாய்ந்ததும் ஓவர்ஹேங் தண்ணீரில் அமுங்கி 30 அடி. கணக்கில் சின்னப் படகு, ஓட்டத்தில் பெரிய படகு.

இந்த வித்தை உச்சத்துக்குப் போனது 1903-இல். அமெரிக்காஸ் கப் என்ற பாய்மரப் பந்தயக் கோப்பையைக் காப்பாற்ற அமெரிக்க வரைவாளர் நதானியேல் ஹெர்ரஷாஃப் ரிலையன்ஸ் என்ற படகைக் கட்டினார். விதி கணக்கில் எடுத்தது நீர்மட்ட நீளத்தையும் பாயின் பரப்பையும் மட்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? டெக்கின் (மேல்தளத்தின்) நீளம் கிட்டத்தட்ட 44 மீட்டர், தண்ணீரைத் தொட்டது 27 மீட்டர்தான். மீதி அத்தனையும் அந்தரத்தில். தாமஸ் லிப்டனின் (ஆமாம், அதே டீத்தூள் லிப்டன்தான்) மூன்றாவது ஷாம்ராக் படகை அது தோற்கடித்தது. பத்தே வருடத்தில் அதை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரிப் படகுகளுக்குக் கடிவாளம் போட்ட யூனிவர்சல் விதியை வகுத்தவரும் அதே ஹெர்ரஷாஃப்தான். படகின் எடையைக் கணக்கில் கொண்டுவந்து, கனமான ஆழமான உடம்புக்கு அந்த விதி சலுகை கொடுத்தது. அதன் கடைசிப் பெரிய பிள்ளைகள்தான் 1930-களின் ஜே கிளாஸ் பந்தயப் படகுகள். சார்ல்ஸ் நிக்கல்சன் வரைந்து 1934-இல் தண்ணீரில் இறங்கிய எண்டெவரின் மொத்த நீளம் 39 மீட்டருக்கு மேல், நீர்மட்டத்தில் ஏறத்தாழ 25 மீட்டர். அன்று கட்டிய பத்தில் ஷாம்ராக் V, வெல்ஷீடா, எண்டெவர் என்று மூன்றுதான் இன்றைக்கு மிஞ்சியிருக்கின்றன. 2000-களுக்கு அப்புறம் பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகக் கட்டியவை அதைப்போல் இரண்டு மடங்கு. அதிலும் ஸ்வேயா என்ற படகு 1937-இல் ஸ்வீடனின் டோரே ஹோல்ம் வரைந்து, கட்டப்படாமலே போன ஒன்று. எண்பது வருடம் கழித்து, 2017-இல், அலுமினியத்தில் தண்ணீருக்கு வந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பதில் இங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு நீர்மட்ட நீளத்துக்குத்தான் வரி. அந்தரத்தில் நீண்டது இலவசம். இன்றைக்கு அப்படியே தலைகீழ். நவீனப் பந்தயக் கணக்குகள் ஓவர்ஹேங்கையும் அளந்துவிடுகின்றன, பழைய தந்திரம் செல்லாது. மரீனாக்காரர்களோ பொதுவாக மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து வாடகை போடுவார்கள். பட்டறையில் தூக்கி வைத்தாலும் அதே கணக்கு. ஆக, கொடுக்கும் காசுக்குள் எவ்வளவு நீளம் தண்ணீரில் இருக்கிறதோ அவ்வளவு லாபம். உங்கள் படகுக்குப் பக்கத்தில் நின்றவற்றின் மூக்கு செங்குத்தாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். அவற்றை வரைந்தவர்களுக்கு ரசனை இல்லை என்று அர்த்தமில்லை. எதற்குக் கட்டணமோ அதைச் சுருக்கி, எது இலவசமோ அதை நீட்டியிருக்கிறார்கள். 1903-இல் ஹெர்ரஷாஃப் செய்ததும் இதேதான். இன்று ஓவர்ஹேங்கோடு ஒரு புதுப் படகு கட்டுகிறவர் மட்டும் கணக்குக்கு எதிராகப் போகிறார். அந்த மூக்குக்கு மாதாமாதம் வெள்ளி எண்ணி வைக்கிறார்.

மூக்கைவிடப் பெரிய விலை பக்கச் சுவரில் இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து டெக்வரை உள்ள உயரத்தை ஃப்ரீபோர்டு என்போம். அந்தப் படகு உங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததற்கு முக்கியமான ஒரே காரணம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: ஃப்ரீபோர்டு குறைவு. படகின் நீளத்தை எத்தனை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் மனிதனின் உயரம் மாறாது. உள்ளே தலை இடிக்காமல் நிற்க 1.85 மீட்டராவது வேண்டும். 60 அடிப் படகில் அந்த உயரம் நீளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. டெக்குக்கு அடியில் சுலபமாக மறைந்துவிடும். 30 அடிப் படகில் அதே 1.85 மீட்டரை வைத்தால் சுவர் எழும்பி, மேலே கூரை எழும்பி, குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இந்தப் பாணியில் படகு கட்டுகிறவர்களுக்கு இரண்டே வழி. பெரிதாகக் கட்டு, இல்லாவிட்டால் நிற்கும் ஆசையை விடு. ஹெர்ரஷாஃப் 1912-இல் தனக்கென்று அலேரியன் என்று 26 அடியில் ஒரு படகு கட்டிக்கொண்டார். இப்போது அமெரிக்காவில் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து, 1980-களின் கடைசியில் கார்ல் ஷுமாக்கர் வரைந்த 28 அடி அலேரியன் எக்ஸ்பிரஸ் நன்றாக விற்றது. தண்ணீருக்கு மேலே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உள்ளே உட்காரத்தான் முடியும், நிமிர முடியாது. வாங்கியவர்கள் அது தெரிந்தேதான் வாங்கினார்கள்.

அகலமும் அப்படித்தான். நார்வேயின் யோஹான் ஆங்கர் 1929-இல் வரைந்த டிராகன் படகு 8.9 மீட்டர் நீளம். அகலம் 2 மீட்டரைக்கூடத் தொடாது. இன்றைய 40 அடிக் குடும்பப் படகின் அகலம் 4 மீட்டருக்கும் மேல். அந்த அகலத்தில் பின்பக்கம் இரண்டு படுக்கையறை, இரண்டு ஸ்டீயரிங், சாப்பாட்டு மேசை எல்லாம் வரும். நீங்கள் பார்த்த படகில் இதெல்லாம் இருக்காது. சந்தேகமிருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். அதே நீளமுள்ள சாதாரணப் படகில் ஆறு பேர் தூங்கலாம் என்றால் இதில் நான்கு பேருக்கு இடம் இருந்தால் பெரிய விஷயம்.

சரி, இதெல்லாம் விட்டுக்கொடுத்த கணக்கு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? ஒரு கோடு. டெக்கின் விளிம்பு மூக்கிலிருந்து வால்வரை எப்படித் தாழ்ந்து எழும்புகிறது என்பதை ஷியர் என்போம். மூக்கில் உயரம், நடுவைத் தாண்டிப் பின்பக்கம் போகும்போது மிகத் தாழ்வு, கடைசியில் கொஞ்சமாக எழும்பி முடிவு. கேட்க எளிது. ஆனால் இதுதான் படகின் முகம். ஃப்ரீபோர்டு குறைவாக இருக்கும்போதுதான் இந்த வளைவு கண்ணில் படும். சுவர் உயர்ந்துவிட்டால் அந்தச் சில அங்குல ஏற்ற இறக்கம் சுவருக்குள் காணாமல் போய்விடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதை வரைய நீளமான மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, மேலே ஈயக்கட்டிகளை வைத்து நிறுத்துவார்கள். மரம் தன்னை வருத்திக்கொள்ளாமல் எப்படி வளைய நினைக்கிறதோ அதுவே கோடு. கட்டிகளில் ஒன்றை எடுத்ததும் சட்டம் துள்ளினால் அந்த இடத்தில் கட்டாயப்படுத்தி வளைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இன்றைய மென்பொருளில் இருக்கும் ஸ்ப்லைன் வளைவுகள் இந்த மரச்சட்டத்தின் கணித வடிவம்தான். நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்து ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) வரைபடமே இல்லாமல் கண்ணளவில் இதைச் செய்தவர்கள். இந்த ஊர் மலாய்க்காரர்களின் கோலேக் படகுகளைப் பழைய புகைப்படங்களில் பார்த்தாலும் அதே கண் தெரியும்.

நான் இதை எப்படிச் சோதிக்கிறேன் என்று சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். படகு பட்டறையில் தூக்கி நிற்கும்போது, மூக்குக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு ஓரமாகவே பின்பக்கம்வரை பார்வையை ஓட்டுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் இந்தக் கோணத்தில் சுருங்கி ஒரே இடத்தில் குவிந்து தெரியும். இரண்டு மில்லிமீட்டர் மேடுகூடப் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தும். மாலை நேரத்துச் சாய்ந்த வெயில் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது, மூக்குக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். வரைபடத்தில் அருமையாக இருக்கும் ஷியர், படகின் மூக்குப் பக்கம் அகலம் சட்டென்று விரிந்தால், இந்தக் கோணத்தில் கூன் போட்ட மாதிரி தெரியும். படகை யாரும் வரைபடம் மாதிரி நேர்ப் பக்கவாட்டில் மட்டும் பார்ப்பதில்லை. நல்ல வரைவாளருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே வெளிப்பட்டுவிடும்.

கண்ணை ஏமாற்றும் சின்ன வேலைகளும் உண்டு. அவை பழைய பட்டறைகளின் சொத்து. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, முழு நீளத்துக்கும் மெல்லிய பள்ளம் வெட்டித் தங்க நிறம் பூசியிருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஃபேர்லி ஊரில் வில்லியம் ஃபைஃப் கட்டிய படகுகளில் அந்தக் கோடு மூக்கில் ஒரு டிராகன் தலையில் முடியும். அலங்காரம்தான், ஆனால் சுவரைக் குறுக்காகப் பிரித்து அதன் உயரத்தைக் குறைத்துக் காட்டுகிற வேலையையும் அது பார்க்கிறது. நீர்மட்டத்தில் பூசும் பட்டையைக் கவனியுங்கள்: ஒரே அகலமாகத் தெரியும், ஆனால் முனைகளை நோக்கிப் போகப் போக அதை அகலப்படுத்தியிருப்பார்கள். உண்மையிலேயே ஒரே அகலத்தில் பூசினால் முனைகள் தொங்கிப் போன மாதிரி இருக்கும். கேபின் கூரையின் வளைவு ஷியரை அப்படியே பின்பற்றாமல் அதைவிடக் கொஞ்சம் தட்டையாக இருக்கும். இதில் எதையும் நான் வேஷம் என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்கு அடியில் கதை முழுக்க வேறு. 1993-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்பிரிட் யாட்ஸ், நெதர்லாந்தின் ஆந்த்ரே ஹூக் போன்றவர்கள் மேலே பழைய கோட்டை வைத்துக்கொண்டு கீழே இன்றைய பொறியியலைப் பொருத்துகிறார்கள். பழைய படகில் கீல் உடம்போடு ஒட்டி நீளமாக ஓடும், சுக்கான் அதன் முதுகில் தொங்கும். புதியதில் ஒடுக்கமான ஆழமான கீல், அதன் அடியில் ஈயக் குமிழ், சுக்கான் தனியே பின்னால். தண்ணீரில் உரசும் பரப்பு குறைகிறது, பாரம் கீழே போகிறது. கார்பன் மாஸ்ட் மேலே எடையைக் குறைக்கிறது. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் படகை நிமிர்த்தி வைக்க உதவும். உடம்பு மரமாகவே இருந்தாலும், மெல்லிய மரப்பட்டிகளை எபாக்ஸிப் பசையில் ஒட்டிக் கட்டியதாக இருக்கும். ஆணியடித்துப் பஞ்சு திணித்த பலகை இல்லை. ஓவர்ஹேங்கும் ஜே கிளாஸ் அளவுக்கு இருக்காது, கணிசமாகக் குறைத்திருப்பார்கள். கடைவீட்டு ஒப்புமை இங்கேதான் உடைகிறது. அங்கே பழைய முகப்பு முன்னமே இருந்தது, அதைக் காப்பாற்ற உள்ளே மாற்றினார்கள். இங்கே பழையது என்று எதுவுமே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நாளில், ஒரே வரைவாளர், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி யோசித்தது.

பழைய உடம்பு எல்லாம் மெதுவானது என்றும் யாராவது சொல்வார்கள். ஒலின் ஸ்டீபன்ஸ் வரைந்து 1930-இல் தண்ணீரில் இறங்கிய டொரேட் என்ற ஒல்லியான மரப்படகு 1936-இல் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்வரை போகும் டிரான்ஸ்பேக் பந்தயத்தை வென்றது. 2013-இல் அதே படகு அதே பந்தயத்தில் மறுபடியும் ஒட்டுமொத்த வெற்றி. படகுகளுக்குள் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் நேரக் கணக்கில்தான் அந்த வெற்றி, முதலில் கரை தொட்டது அல்ல. ஆனாலும் 83 வயதுப் படகு!

அப்படியானால் வேஷம் என்பதே கிடையாதா? உண்டு. கார்பன் மாஸ்ட்டின் மேல் மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி பெயின்ட் அடிப்பார்கள்; நேர்த்தியாக அடித்தால் இரண்டு அடி தூரத்தில்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குப் பிடிக்காது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ விட்டால் என்ன குறை? அதேபோல உயரமான, அகலமான சாதாரண உடம்பில் கொஞ்சம் வார்னிஷ் மரத்தையும் பித்தளை விளக்கையும் வைத்துப் 'பாரம்பரியம்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒட்ட வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, சர்வேயராக எனக்குப் பெரிய தலைவலி: டெக் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று கயிறுகளையும் கப்பிகளையும் டெக்குக்கு அடியில் ஓட்டி மறைத்துவிடுவார்கள். பார்க்க அற்புதம். ஆனால் உள்ளே ஒரு கப்பி தேய்ந்தால் எப்படித் தெரியும்? கையை நுழைத்துப் பார்க்க ஒரு மூடிகூட வைக்காத படகுகளைப் பார்த்திருக்கிறேன். அழகுக்காக மறைக்கலாம், திறந்து பார்க்க வழி வைக்காதது தப்பு.

இதுவரை சொன்னதில் விதிகள், அளவுகள், தண்ணீரின் இயல்பு எல்லாம் உறுதியானவை. இனிச் சொல்வது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக மறுக்கலாம். விதிக்காக வளைத்த கோடு ஏன் நமக்கு அழகாகத் தெரிய வேண்டும்? எல்லா விதியும் அழகான பிள்ளை பெறவில்லை. 1880-களின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் டன் கணக்கு என்ற பந்தய விதி அகலத்துக்கு அபராதம் போட்டது. பலகையைக் குத்துவாட்டில் நிறுத்தின மாதிரி ஒடுங்கிய, ஆபத்தான படகுகள் வந்தன. 1970-களின் ஐ.ஓ.ஆர். என்ற சர்வதேசப் பந்தய விதி குறிப்பிட்ட சில புள்ளிகளில் அளந்தது. அந்தப் புள்ளிகளில் மட்டும் உடம்பை முட்டிக்கொண்டு நிற்க வைத்தார்கள், பின்பக்கத்தைக் கிள்ளி ஒடுக்கினார்கள். அந்தப் படகுகளை இன்று யாரும் ஆசையாகப் பிரதி எடுப்பதில்லை. என் ஊகம் இது: பலகையில் கட்டிய காலத்தில் பலகை வளைய மறுத்த இடத்தில் வரைவாளரும் நின்றாக வேண்டும். ஃபைபர் கிளாஸ் எந்த அச்சில் ஊற்றினாலும் அந்த வடிவத்துக்கு வந்துவிடும், அதனால் முட்டலும் கிள்ளலும் சாத்தியமாயின. மரத்தின் பிடிவாதம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அசிங்கமான பழைய படகுகளும் நிறைய இருந்தன, அவற்றைக் காப்பாற்ற யாரும் காசு செலவழிக்கவில்லை. அதேபோல ஓவர்ஹேங் அலையில் இதமாக ஏறி இறங்குமா, ஆட்டத்தைக் கூட்டுமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. மூக்கில் மிதவை கூடும் என்பது ஒரு வாதம். தட்டையான அடி அலையில் அறையும் என்பது இன்னொன்று. நங்கூரமிட்ட இரவில் அந்தப் பின்பக்கத்துக்கு அடியில் சின்ன அலை வந்து 'டப் டப்' என்று அடிக்கும் என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. லாசரஸ் தீவுப் பக்கம் ஃபெர்ரிகள் போகிற வழியில் தூங்கிப் பார்த்தால் தெரியும்.

நம் ஊர்க் காற்றுக்கு இது பொருந்துமா என்றால், எதிர்பாராத அளவுக்குப் பொருந்தும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று ஓரளவு நிலையாக வீசும். மற்ற மாதங்களில் பல நாள் பாய் சும்மா தொங்கும். மெல்லிய காற்றில் படகைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் உரசல். ஒல்லியான உடம்புக்கு அது குறைவு. அகலமான பின்பக்கம் உள்ள படகு பலத்த காற்று பக்கவாட்டில் வரும்போது பறக்கும், ஆனால் அந்தக் காற்று இங்கே எப்போதாவதுதான். விடியற்காலையில் சுமத்ரா (அந்தத் தீவுப் பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்மழை) வந்தால் கதை வேறு. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இறங்கும். ஒல்லிப் படகு சீக்கிரமே சாயும், முதன்முறை ஏறுகிறவர்கள் பயந்துபோவார்கள், ஆனால் சாயச் சாயக் கீழே இருக்கும் ஈயம் வேலை செய்யத் தொடங்கும். அகலப் படகு ரொம்ப நேரம் நிமிர்ந்து நிற்கும், ஒரு கட்டத்தில் சுக்கான் தண்ணீரை விட்டு எழும்பிச் சட்டென்று காற்றை நோக்கித் திரும்பிவிடும். எனக்கு முதல் வகை பிடிக்கும், ஏனென்றால் அது முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

வெயில்தான் உண்மையான எதிரி. ஐரோப்பாவில் ஒரு வருடம் தாங்கும் வார்னிஷ் இங்கே சில மாதத்தில் மங்கி, ஓரங்களில் மஞ்சளித்து உரியும். உரிவதற்கு முன்பே லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் வேலை சின்னது; உரியவிட்டால் மரம்வரை சுரண்டி மறுபடி ஏழெட்டுப் பூச்சு. கருநீல உடம்பு தாழ்வாகவும் ஒல்லியாகவும் காட்டும் என்று எல்லோருக்கும் ஆசை, ஆனால் நம் மதிய வெயிலில் அதில் கை வைக்க முடியாது. எபாக்ஸி சூட்டில் இளகி, அடியிலிருக்கும் ஃபைபரின் நெசவு மேலே அச்சாகத் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளையோ வெளிர் சாம்பலோ போதும். தேக்கு டெக்கைப் பொறுத்தவரை, 2021-இல் மியன்மாரின் அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டதிலிருந்து நல்ல தேக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. பலர் தோட்டத் தேக்குக்கும் கார்க்குக்கும் மாறிவிட்டார்கள். இருக்கிற டெக்கை மரத்தின் ரேகைக்குக் குறுக்காக, மென்மையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ரேகையோடு முரட்டு பிரஷ் போட்டால் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேக்கு கடலுக்குப் போகும்.

நீங்கள் வாங்கப் போகிறீர்களா, ரசிக்க மட்டும் கேட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்குவதாக இருந்தால், வெளிமரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விளிம்பிலும் கேபின் பக்கத்திலும் கொஞ்சம் இருந்தால் கண்ணுக்குப் போதும், அதற்கும் அளவெடுத்துத் தைத்த கான்வாஸ் உறை போட்டு வையுங்கள். டெக்கில் போல்ட் இறங்குகிற ஒவ்வொரு இடத்தையும் ஈரமானியில் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டும்போது 'டக்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்று கேட்டால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. விற்பவர் கைகாட்டும் சர்வேயரை விட்டுவிட்டு நீங்களே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கும் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.